நம்பிக்கைக்கு இன்னொரு பெயர் விதை

இன்று மேசையில் யூதர்களின் சமய நூலான தல்மூதின் ஷபாத் பகுதி, 31ஆம் ஏடு. எதிரெதிரே இருவர். ஒருவர் உரக்க வாசிக்கிறார், மற்றவர் மறித்துக் கேட்கிறார்.

ஏசாயா 33:6இல் 'எமுனா' என்றொரு சொல். நம்பிக்கை என்று பொருள். அந்தச் சொல் குறிப்பது, தல்மூதுக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பாகிய மிஷ்னாவின் முதல் பிரிவான 'விதைகள்' என்கிறார் ரேஷ் லாகிஷ் என்ற தல்மூத் அறிஞர்.

விதைக்கும் நம்பிக்கைக்கும் என்ன உறவு?

ஏட்டின் ஓரத்திலுள்ள தோசஃபோத் என்ற இடைக்கால விளக்கவுரை சொல்கிறது: உழவன் என்றும் வாழ்கிற கடவுளை நம்பித்தானே விதைக்கிறான்!

உண்ணக்கூடிய தானியத்தை மண்ணில் போடுகிறான். எவ்வளவு பெரிய துணிவு!

அதே 'விதைகள்' பிரிவிலுள்ள பேயா என்ற நூல், விளைந்ததில் அறுபதில் ஒரு பங்காவது வயலோரத்தில் ஏழைக்கு விடச் சொல்கிறது.

ஏட்டை முடிக்கும் அவசரத்தில் பலர் ஓர உரையைத் தாண்டிவிடுகிறார்கள். கேள்வியைச் சத்தமாகக் கேட்டுவிட்டு, அங்கேயே கொஞ்சம் நில்லுங்கள்.