மைப் பேனாவைப் பற்றி 43 பதில்கள்

கேள்வி பதில் தளம் ஒன்றில் நான் எழுதத் தொடங்கி எட்டு மாதங்கள் ஆகின்றன. இதுவரை 43 பதில்கள் எழுதியிருக்கிறேன். அத்தனையும் மைப் பேனாவைப் பற்றியவை. பழைய பேனாக்களைக் கழற்றிக் கழுவிப் பூட்டுவது என் நெடுநாள் பொழுதுபோக்கு. வேறு எதைப் பற்றியும் பிறருக்குச் சொல்லும் அளவுக்கு எனக்குத் தெரியாது.

முதல் பதிலுக்கு மூன்று இரவுகள் செலவிட்டேன். மைப் பேனாவில் மை எப்படி அளவாக இறங்குகிறது என்பது கேள்வி. 1884-இல் அமெரிக்கரான லூயிஸ் வாட்டர்மேன் தன் மைப் பேனாவுக்குப் பெற்ற காப்புரிமையில் தொடங்கி, அதற்கு முந்தைய பேனாக்களின் குறைகளை விவரித்து, ஆறு பத்திகளைக் கடந்த பிறகுதான் கேட்டவருக்கு வேண்டியதைச் சொன்னேன்: நிப்புக்கு அடியில் நாக்குப் போல இருக்கும் பகுதியிலுள்ள மெல்லிய பள்ளங்களின் வழியே நுண்புழைக் கவர்ச்சியால் மை இறங்குகிறது, இறங்கிய மையின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே ஏறுகிறது. ஒரு வாரத்தில் 19 பார்வைகள். அவற்றில் சில நானே திறந்து பார்த்தவை.

அடுத்த இரண்டு மாதங்கள், ஏற்கெனவே பலர் பின்தொடரும் கேள்விகளையே தேடிப் போனேன். அங்கே நூறு பதில்களுக்கு அடியில் நூற்றொன்றாவதாக என் பதில் கிடந்தது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

நிலைமை மாறியது, யாரும் பதில் சொல்லாமல் கிடந்த ஒரு கேள்வியால். "என் புதிய பேனா முதல் எழுத்தை மட்டும் விட்டுவிட்டு எழுதுகிறது, அழுத்தினால் சரியாக எழுதுகிறது, கழுவியும் பயனில்லை" என்று ஒருவர் கேட்டிருந்தார். இதே கோளாறு என் மேசையில் இருந்த ஒரு பேனாவிலும் இருந்ததால், உருப்பெருக்கியில் அதன் நுனியைப் பார்த்தபடியே எழுதினேன். நுனியின் நடுவிலுள்ள வெட்டின் இரு உள்விளிம்புகளும் தேவைக்கு மேல் மழுக்கப்பட்டிருந்தால், மை வெட்டின் அடிவரை வந்தும் தாளைத் தொடாமல் ஒரு மயிரிழை மேலே நின்றுவிடும். அழுத்தும்போது தாள் மேலெழுந்து மையைத் தொடுவதால் எழுத்து வருகிறது. பேனாப் பிரியர்கள் இதைக் குழந்தையின் பிட்டம் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். நேரே எதிரில் வைத்துப் பார்த்தால் அந்தப் பெயரின் பொருத்தம் விளங்கும். மிக நுண்ணிய மெருகுத் தாளில் எட்டு வடிவில் இரண்டு முறை இழுத்து எழுதிப் பாருங்கள், போதாவிட்டால் மட்டுமே மீண்டும் இழுங்கள், தேய்த்த உலோகம் திரும்ப வராது என்று முடித்தேன். மொத்தம் பதினான்கு வரிகள். கேட்டவர் இரண்டு நாள் கழித்து, சரியாகிவிட்டது என்று எழுதினார். அந்தப் பதிலைப் படிக்கத் தேடுபொறி வழியாக இன்றும் ஆட்கள் வருகிறார்கள்; பார்வைகள் 6,000-ஐத் தாண்டிவிட்டன.

அதன் பிறகு எழுதும் முறையை மாற்றிக்கொண்டேன். பட்டியலில் பதிலின் முதல் இரண்டு வரிகள் மட்டுமே தெரிகின்றன என்பதால், விடையை அங்கேயே வைத்துவிட்டு விளக்கத்தைப் பின்னால் தருகிறேன். வாட்டர்மேன் இப்போது தேவைப்பட்டால் கடைசிப் பத்தியில் வருகிறார், பெரும்பாலும் வருவதே இல்லை.

பின்தொடர்பவர்கள் கூடியதற்கு நான் செய்த ஒரு தவறும் காரணம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காய்ந்த மையைக் கரைக்க வெந்நீரில் ஊறவைக்கலாம் என்று ஒரு பதிலில் எழுதியிருந்தேன். பழைய பேனாக்கள் பலவற்றின் உடலான கறுப்பு எபோனைட் என்ற கடின ரப்பர் வெந்நீரில் நிறம் மங்கும், பழைய பேனாக்களின் இணைப்புகளில் பூசப்பட்ட அரக்கும் இளகும், ஆகவே குளிர்ந்த நீரே போதும் என்று மூத்த வாசகர் ஒருவர் பின்னூட்டத்தில் சுட்டிக்காட்டினார். பிளாஸ்டிக் பேனாக்களையே அதிகம் கழுவிப் பழகிய எனக்கு அது தோன்றவில்லை. தவறான வரியைச் சத்தமின்றி அழித்துவிடாமல், என்ன தவறு, யார் திருத்தினார் என்று பதிலின் தலைப்பிலேயே எழுதிவைத்தேன். அந்த வாரத்தில் புதிதாகப் பின்தொடர்ந்தவர்கள், அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் வந்தவர்களைவிட அதிகம்.

ஒருமுறை மைக்கடை ஒன்றின் இணைப்பைக் கொடுத்ததால் என் பதில் விளம்பரமெனக் கருதப்பட்டு மறைக்கப்பட்டது. இணைப்பை நீக்கியதும் திரும்பி வந்தது. அன்று முதல் ஒவ்வொரு பதிலுக்கும் என் கணினியில் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். 2005-இல் தொடங்கிய யாஹூ ஆன்சர்ஸ் என்ற கேள்வி பதில் தளம் 2021-இல் மூடப்பட்டபோது, அதில் ஆண்டுக்கணக்கில் எழுதியவர்கள் பிரதி எடுக்க அவசரப்பட்டது நினைவிருக்கிறது.

இப்போது என் முன்னால் இருக்கும் கேள்வி, மினுமினுப்புத் துகள் கலந்த மை பேனாவை அடைத்துவிடுமா என்பது. அடைக்கும் என்று நான்கு பேர் பதில் சொல்லிவிட்டார்கள். எவ்வளவு நாளில் என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே ஒரே வகைப் பேனாக்கள் இரண்டில் அந்த மையை நிரப்பி, ஒன்றை நிப்பு மேலாகவும் மற்றொன்றைக் கீழாகவும் நிறுத்தி, தினமும் ஒரு வரி எழுதிப் பார்க்கிறேன். இன்று பதினோராம் நாள். கீழாக நிறுத்தியதில் முதல் எழுத்து இன்று காலை வரவில்லை.