கேமரா குடிபுகுந்த வீடு

ரியாலிட்டி ஷோ பிக் பாஸோடு பிறந்ததல்ல. 1973-இல் அமெரிக்காவின் பிபிஎஸ் பொதுத் தொலைக்காட்சியில் வந்த ‘ஆன் அமெரிக்கன் ஃபேமிலி’ தொடரைத்தான் பலரும் முன்னோடி என்கிறார்கள். கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் வசித்த லவுட் குடும்பத்தை 1971-இல் ஏழு மாதம் படம்பிடித்து, சுமார் 300 மணி நேரப் படச்சுருளை 12 பகுதிகளாகச் சுருக்கினார்கள். போட்டியும் இல்லை, பரிசும் இல்லை.

தொடரின் ஒரு காட்சியில், ஊர் திரும்பிய கணவர் பில்லிடம் மனைவி பாட், வழக்கறிஞரைப் பார்த்துவிட்டதாகச் சொல்லி அவருடைய முகவரி அட்டையை நீட்டுகிறார். வீட்டைவிட்டுப் போகவும் சொல்கிறார். குரல்கூட உயரவில்லை! இன்றைய தயாரிப்பாளர்கள் அங்கே மத்தளம் முழங்க வைத்திருப்பார்கள்.

ஒளிபரப்பான பிறகு குடும்பத்தினர் பொங்கிவிட்டார்கள்: நாங்கள் சிரித்ததையெல்லாம் வெட்டிவிட்டு, சண்டையை மட்டும் காட்டிவிட்டீர்களே!