பதிவு எண் இல்லாத எழுத்தாளர்கள்

எங்கள் சிறுகதைத் தொகுப்பு வெளியீட்டு விழா நன்றாகவே நடந்தது. மைக் மக்கர் பண்ணவில்லை, தலைமையுரையும் ஒருவழியாக முடிந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி எழுதப்போவதில் இலக்கியம் கொஞ்சம்தான், அரங்க அலுவலகம்தான் அதிகம்.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கமிருந்து பிழைப்புக்காகச் சென்னை வந்து, இங்கே உட்கார்ந்து கரிசல்காட்டை, அதாவது எங்கள் ஊர்ப்பக்கத்துக் கரிசல்மண் பூமியை, எழுதிக்கொண்டிருக்கும் கூட்டம் எங்களுடையது. தலைவர் கிடையாது, சந்தா கிடையாது. ஒரு வாட்ஸ்அப் குழு, கே.கே. நகரில் ஒரு மொட்டைமாடி, அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒருமுறை செப்டம்பரில் கூடுவோம். 11 பாரதி நினைவு நாள், 16 எழுத்தாளர் கி. ராஜநாராயணன், அதாவது கி.ரா. பிறந்தநாள், இரண்டையும் ஒட்டி வரும் ஞாயிறு எங்களுடையது. டிசம்பர் வந்தால் அரங்கங்கள் சபாக்காரர்கள் கைக்குப் போய்விடும். ஜனவரியில் புத்தகக் காட்சி, பேச்சாளர் ஒருவரும் சிக்கமாட்டார். ஆகவே செப்டம்பர்தான் தோது.

இந்த முறை சிறுகதைத் தொகுப்பு வெளியீடு. ஊரிலிருந்தும் ஆட்கள் வருவதாக இருந்தது, மொட்டைமாடி தாங்காது. கதைகள் வந்தன, புத்தகத்துக்கான ஐ.எஸ்.பி.என். எண்ணைப் பதிப்பகமே வாங்கிக்கொண்டது, அச்சும் சொன்ன தேதிக்கு வந்தது. இதிலெல்லாம் சொல்ல ஒன்றுமில்லை.

நகரின் நடுவில், பஸ்ஸும் மெட்ரோவும் பக்கத்தில், வாடகை கட்டுப்படியாகிற மாதிரி ஓர் அரங்கம் பார்த்தோம். கடிதத்தை வாங்கிய அலுவலர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"பதிவு எண் எங்க சார்?"

"இது பதிவு பண்ண சங்கம் இல்லீங்க. எழுதுறவங்க சேர்ந்து நடத்துறோம்."

"அப்ப யாரு பொறுப்பு?"

"நான்தான்."

"தனிநபருக்குக் குடுக்க மாட்டோம் சார்."

கூட வந்திருந்த அண்ணாச்சி விடுகிற ஆளில்லை. இடைசெவல் என்கிற ஒரே சின்ன ஊரில் பிறந்த இரண்டு பேருக்கு சாகித்ய அகாதமி விருது, கு. அழகிரிசாமிக்கு 1970-இல், கி.ரா.வுக்கு 1991-இல் என்று ஆரம்பித்துவிட்டார். அலுவலர் முழுசாகக் கேட்டார். பிறகு, "அவங்க பதிவு எண் இருந்தாலும் பரவால்ல சார்" என்றார். கிண்டலா நிஜமா என்று எங்களுக்குள் இன்னும் தகராறு ஓடிக்கொண்டிருக்கிறது.

பதிவு செய்துவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் இருந்தால் போதும். ஆனால் விதிமுறை எழுத வேண்டும், பொதுக்குழு கூட்ட வேண்டும், வருஷா வருஷம் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். அதைக்கூடச் சமாளிக்கலாம். ஏழு எழுத்தாளர்களில் யார் செயலாளர் என்று முடிவு செய்வதற்குள் அடுத்த செப்டம்பர் வந்துவிடும்.

இதற்கு நடுவில் ரயில். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. ஞாயிறு காலை எழும்பூரில் இறங்க வேண்டுமென்றால் சனி ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் வேண்டும். திறந்த உடனே போடாவிட்டால் காத்திருப்புப் பட்டியல்தான். அரங்கத்தில் கேட்டால் "சாங்ஷன் வரட்டும் சார்" என்ற ஒரே பதில். கடைசியில் அரங்கம் கையில் இல்லாமலே டிக்கெட்டைப் போட்டோம்.

வழி காட்டியவர் பதிப்பாளர். அவருடைய லெட்டர்பேடில் விண்ணப்பம், ஜி.எஸ்.டி. எண், வாடகைக்கும் வைப்புத்தொகைக்கும் பதிப்பகக் கணக்கிலிருந்து தனித்தனி டி.டி. (வங்கி வரைவோலை). அதே அலுவலர் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார். காவல் நிலையத்தில் தகவல் கடிதம் கொடுத்து முத்திரை வாங்கி வரச் சொன்னார். பயந்துகொண்டே போனோம். அங்கே உட்காரவைத்து, என்ன புத்தகம் என்று விசாரித்து, உடனே முத்திரை குத்தித் தந்தார்கள்.

தின்பண்டம் உள்ளே கூடாது என்பது விதி. 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் கோவில்பட்டிக் கடலைமிட்டாயை வாசலில் வைத்துக் கொடுத்தோம். இதில் ஒரு எச்சரிக்கை: இடைவேளையில் கொடுக்காதீர்கள். மிட்டாயோடு வெளியே நின்று ஊர்க்கதை பேச ஆரம்பித்தவர்கள் கவியரங்கத்துக்கு உள்ளே வரவேயில்லை.

விழா முடிந்தும் கதை முடியவில்லை. நெடுநாள் கழித்து வைப்புத்தொகை காசோலையாகத் திரும்பி வந்தது, எங்கள் குழுவின் பெயரில்! பதிவில்லாத குழுவுக்கு அரங்கம் கிடையாது, காசோலை மட்டும் உண்டு. ரசீது போடும்போது அலுவலர் விண்ணப்பத்தைப் பார்க்காமல் அழைப்பிதழைப் பார்த்துப் பெயரை எழுதியிருக்கிறார். குழுவுக்கு வங்கிக் கணக்கு இல்லை. தொடங்கலாம் என்றால் வங்கியும் பதிவுச் சான்றிதழ்தான் கேட்கிறது. காசோலைக்கு ஆயுள் மூன்று மாதம்.

"ரசீதுல என்ன பேரோ அதான் வரும்" என்பது அவர் வாதம். ரசீதே தப்பு என்றால், "அப்பவே சொல்லியிருக்கணும்." எழுதினவர் அவர், சரிபார்க்க வேண்டியது நாங்களாம்.

காப்பாற்றியது டி.டி. வாங்கியபோது வங்கி கொடுத்த அடிக்கட்டை. பதிப்பகத்தின் கணக்கு எண் அதில் இருந்தது. அதன் நகல், விண்ணப்பத்தின் நகல், மூலக் காசோலை, ரத்து செய்து மாற்றித் தரக் கோரும் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து, அலுவலரைத் தாண்டி மேலதிகாரியிடமே அண்ணாச்சி கொடுத்தார். மேலதிகாரி அடிக்கட்டையைப் பார்த்தார், ரசீதைப் பார்த்தார், அலுவலரைக் கூப்பிட்டார். இந்த முறை அண்ணாச்சி இடைசெவலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. புதுக் காசோலை பதிப்பகத்தின் பெயரில் வந்து, போன வாரம் பணமும் ஏறிவிட்டது.

எங்களைப் போன்ற குழுக்களுக்கு: பதிப்பகம் ஒன்றை முன்னால் நிறுத்துங்கள். பணம் யார் கணக்கிலிருந்து போகிறதோ, ரசீதில் அதே பெயர் இருக்கிறதா என்று கவுண்டரிலேயே நின்று படியுங்கள். பின்னால் வரிசை முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். டி.டி. அடிக்கட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். அழைப்பிதழை அலுவலரிடம் கடைசியாகக் காட்டுங்கள், முடிந்தால் காட்டவே வேண்டாம்.