புரட்டாசி விருந்துக்கு ஒரு புர்ராட்டா தட்டு

கோலாலம்பூர் சென்ட்ரலில் ரயிலேறினால் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரி. பினாங்குத் தீவுக்கு இரண்டு பாலங்கள் இருந்தாலும் ஜார்ஜ் டவுனுக்குள் கடல்வழியாகத்தான் நுழைய வேண்டும் என்பது என் கட்சி.

அண்ணன் வீட்டில் புரட்டாசி சனிக்கிழமை விருந்து. சாம்பார், கூட்டு, பாயசம் எல்லாம் அண்ணியின் கையில். நடுவில் வைத்து எல்லோரும் எடுத்துச் சாப்பிட ஒரு சாலட் தட்டு என் பொறுப்பு. புர்ராட்டா என்ற மென்மையான சீஸ் வைக்கப் போகிறேன் என்றதுமே அண்ணி மறித்தார்.

"கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுத்ததைப் போட்டுத்தானே அதைத் திரிக்கிறார்கள்? விரதத்துக்கு ஆகாது, தம்பி."

நியாயமான கேள்வி. ஐரோப்பியச் சீஸ்கள் பலவற்றில் பாலைத் திரிப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். நுண்ணுயிர்களிலிருந்து எடுப்பதும் உண்டு. ஹலால் முத்திரையைப் பார்த்துச் சைவம் என்று நினைத்துவிடக் கூடாது. முறைப்படி அறுத்த கன்றின் ரென்னெட்டும் ஹலால்தான். பேரங்காடியில் ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பி, சைவ உணவுக்காரர்களுக்கு உகந்தது என்று அச்சிட்ட புர்ராட்டாவை எடுத்து அண்ணியிடம் காட்டிய பிறகே அடுத்த வேலை.

புர்ராட்டா தென் இத்தாலியின் புல்யா பகுதிச் சரக்கு. வெளியே மொஸரெல்லாத் தோல். உள்ளே பிய்த்த சீஸ் இழைகளும் பாலேடும். சுவை சாதுவானது. ஆகவே பக்கத்தில் புளிப்பும் துவர்ப்பும் கட்டாயம் வேண்டும். அதற்குப் பினாங்கை மிஞ்ச ஊர் ஏது? சௌரஸ்தா சந்தையில் கேமரன் மலைத் தக்காளியும் வல்லாரையும் புதினாவும் வாங்கினேன். சீனர்களின் நிலாப் பலகார விழாக் காலம் என்பதால் ஈப்போ பக்கத்துத் தம்பூன் பம்பளிமாஸ் குவிந்து கிடந்தது. கூடவே பச்சை ஜாதிக்காய். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் இந்தத் தீவில் நட்ட பயிர். பாலிக் பூலாவ் பக்கம் இன்றும் காய்க்கிறது. கொட்டையை மட்டும் அறிந்தவர்கள் அதன் சதையைக் கட்டாயம் ருசித்துப் பார்க்க வேண்டும்.

தக்காளியை வட்டமாக அரிந்து, உப்புத் தூவிக் கால் மணி நேரம் விட்டேன். ஊறிய சாற்றைக் கொட்டாமல், கஸ்தூரி எலுமிச்சைச் சாறும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து அடித்ததும் மேலே ஊற்றும் சாறு தயார். ஜாதிக்காய்ச் சதையைக் கண்ணாடி போலச் சீவி உப்பில் பிசறினேன். பம்பளிமாஸில்தான் பொறுமை வேண்டும். சுளைத் தோலை முழுக்க உரித்து, முத்து முத்தாக உதிராமல் பெரிய துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். தோல் ஒட்டியிருந்தால் கசக்கும்.

அண்ணி பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துத் தந்தார். பார்க்க அழகு, ஆனால் ஈயம் பூசாத பித்தளையில் புளிப்புப் படக் கூடாது. எவர்சில்வர் தாம்பாளத்தில் வாழையிலை விரித்தோம். ஓரத்தில் தக்காளி, இடையிடையே பம்பளிமாஸ், மேலே ஜாதிக்காய்ச் சீவல், நெய்யில் மொறுமொறுப்பாக்கிய முந்திரி. வல்லாரை, புதினா இலைகளை நறுக்காமல் கிள்ளிப் போட்டேன். வாழையிலையின் பச்சை அங்கங்கே தெரியும்படி இடம் விட்டோம். நெருக்கி அடைத்தால் தட்டு களை இழந்துவிடும். எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தாலும் எல்லாமும் கொஞ்சம் வர வேண்டும், பகிர்ந்து சாப்பிடும் தட்டுக்கு அதுதான் இலக்கணம்.

ஃபிரிட்ஜில் வைத்த குளிர்ச்சியில் புர்ராட்டாவுக்கு ருசியே தெரியாது. பினாங்கு வெக்கையில் நெடுநேரம் வெளியில் வைக்கவும் முடியாது. எல்லோரும் கை கழுவப் போகும்போது வெளியே எடுத்து, நீரை வடித்து ஒற்றி, நடுவில் வைத்தேன். உட்கார்ந்த பிறகு மிளகைப் பொடித்துத் தூவி, கத்தியால் குறுக்கே ஒரு கீறல். பாலேடு பம்பளிமாஸின் மேல் வழிந்தது. முதல் கரண்டி அண்ணிக்கு.

தட்டில் தேங்கும் சாற்றுக்கு இந்திய முஸ்லிம் ரொட்டிக்கடைகளில் கிடைக்கும் ரொட்டி பெங்காலியைத் தடிமனாக வெட்டி வாட்டி வைத்திருந்தோம். அதை இரண்டு மடங்காக வாங்கிக்கொள்ளுங்கள். சீஸ் தீர்ந்த பிறகும் சாறு இருக்கும்.