சரித்திர சேர் சொன்ன நீர்மூழ்கிக்காரர்

பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டதும், கோட்டை மான்களைப் பற்றி எழுதுவதா, டச்பே கடற்கரையைப் பற்றி எழுதுவதா என்று யோசித்தேன். அதெல்லாம் எல்லா மலரிலும் வருகிறது. ஆகவே நம் திருகோணமலையை எட்டியும் பார்க்காத ஒரு ஜேர்மன் பாதிரியாரைப் பற்றி எழுதுகிறேன். எட்டாம் வகுப்பில் அவரை எங்களுக்கு அறிமுகப்படுத்தியவர் சரித்திரம் படிப்பித்த ஆசிரியர், எங்கள் சரித்திர சேர்.

1977 ஓகஸ்ட் கலவரத்தில் அடிபட்ட மலையகக் குடும்பங்கள் வவுனியாவுக்கும் நம் மாவட்டத்துக்கும் வந்து சேர்ந்த காலம் அது. மூன்றாம் தவணையில் அப்படி வந்த பெடியன் ஒருவன் எங்கள் வகுப்பின் கடைசி வாங்கில் உட்கார்ந்தான். அவன் பேச்சைப் பேசிக் காட்டிச் சிரித்தோம். 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லை எங்களுக்கு யாரும் படிப்பிக்கவில்லை, வீட்டிலிருந்தே கொண்டு வந்திருந்தோம். ஒரு நாள் அவனுடைய கணக்குக் கொப்பி காணாமல் போனது. யார் எடுத்தது என்று சேர் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சேர் அடிக்கவில்லை. பிரம்பை மேசையில் வைத்துவிட்டு, "சரி, நீர்மூழ்கிக் கப்பல் கதை ஒன்று சொல்லட்டா?" என்றார். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான்காரன் குண்டு போட்ட கதையை அப்பப்பாமாரிடம் கேட்டு வளர்ந்த துறைமுகத்துப் பெடியள் நாங்கள். நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

மார்ட்டின் நீமோலர். 1892இல் லிப்ஸ்டாட் என்ற ஊரில் ஒரு லூத்தரன் போதகருக்கு மகனாகப் பிறந்தவர். 1910இல் கடற்படையில் சேர்ந்தார். முதலாம் உலகப்போரின் கடைசி வருடத்தில் நீர்மூழ்கி ஒன்றுக்கே கப்டன். போரில் தோற்றதும் உத்தியோகத்தை விட்டு, கொஞ்சக்காலம் பண்ணை வேலை பழகி, அப்புறம் இறையியல் படித்து 1924இல் குருப்பட்டம் பெற்றார். ஹிட்லர் காலத்தில் சிறைக்குப் போனார். இவ்வளவையும் சொல்லிவிட்டு, சேர் கரும்பலகையில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினார்: கம்யூனிஸ்டுகள், தொழிற்சங்கக்காரர், யூதர், நான். ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டு போனபோது இந்த மனிதர் சும்மா இருந்தார், இவர் முறை வந்தபோது பேச ஆள் மிச்சமில்லை என்றார். அதற்குப் பக்கத்தில் 1948 என்று எழுதினார். மணி அடித்தது, போய்விட்டார்.

அந்த 1948 என்னவென்று பிறகுதான் விளங்கியது. மலையகத் தோட்டத் தமிழர் லட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கிய பிரஜாவுரிமைச் சட்டத்தின் ஆண்டு. அதைக் கொண்டுவந்த அரசிலேயே தமிழ்க் காங்கிரஸ் தலைவர் மந்திரியானார். அதோடு முரண்பட்டுப் பிரிந்து வந்துதான் செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

1985இல் எங்களில் பலரைப் போல நானும் கிழக்கு பேர்லின் வழியாக மேற்கு பேர்லினுக்குள் வந்து விழுந்தேன். ஒரு உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. விடுமுறை நாளொன்றில் சுரங்க ரயிலில் டாலெமில் இறங்கினால், நிலையத்துக்கே நாணல் வேய்ந்த கூரை. கிடுகு வீடு நினைவுக்கு வந்தது. நீமோலர் 1931 முதல் போதகராக இருந்த திருச்சபை அங்கேதான்.

மொழி கொஞ்சம் பிடிபட்டதும் அவரைத் தேடிப் படித்தேன். சேர் எங்களுக்குச் சொல்லாமல் விட்டது நிறைய இருந்தது. முற்போக்குப் போதகர் என்று இன்று எழுதுகிறார்களே, அவர் அப்படித் தொடங்கவில்லை. 1933இல் ஹிட்லரின் கட்சிக்கு வாக்களித்தவர். 1934இல் வந்த அவருடைய சுயசரிதை நீர்மூழ்கியிலிருந்து பிரசங்க பீடம் வரையான கதை. தேசியவாதிகள் அதை விரும்பி வாங்கினார்கள். யூத வம்சாவளிப் போதகர்களை விலக்கும் விதி வந்தபோது, 1933 செப்டம்பரில் அதை எதிர்த்துப் போதகர்களைத் திரட்டியவர் அவர்தான். அதில் துணிச்சல் இருந்தது. ஆனால் அன்று அவர் கவலைப்பட்டது திருச்சபைக்குள் இருந்தவர்களைப் பற்றி. மற்ற யூதர்களைப் பற்றிய அவருடைய அந்தக் காலப் பிரசங்கங்கள் சிலவற்றை வாசிக்க இன்றைக்கும் கூசுகிறது. 1939இல் வதைமுகாமுக்குள் இருந்துகொண்டே கடற்படையில் சேரத் தயார் என்று எழுதிக் கொடுத்தவரும் இவரே.

சேர் சொன்ன அந்தப் புகழ்பெற்ற வரிகளைக் கவிதையென்று சுவரொட்டி அடிக்கிறார்கள். அவர் கவிதையாக எழுதவேயில்லை. 1946 முதல் மேடைமேடையாகப் பேசியதிலிருந்து பிறர் கோத்தெடுத்தது. பட்டியலும் கூட்டத்துக்குக் கூட்டம் மாறியது. அமெரிக்காவில் சிலர் கம்யூனிஸ்டுகளை வெட்டிவிட்டார்கள். நம் சேர் வெட்டவில்லை. அவர்களை வெட்டினால் கதையே போச்சு. அந்தப் போதகருக்குக் கம்யூனிஸ்டுகளைப் பிடிக்காது. அதனால்தான் சும்மா இருந்தார்.

என்னை உலுக்கியது வேறொன்று. 1937 ஜூலை 1 அன்று கைதானவர், சக்சன்ஹௌசன், டாக்கவ் முகாம்களில் 1945 வரை கிடந்தார். போர் முடிந்தபின் மனைவியோடு டாக்கவுக்குப் போனார். சுடுகூடத்தருகே, 1933 முதல் 1945 வரை இங்கே எரிக்கப்பட்டவர்கள் இத்தனை பேர் என்று ஒரு பலகை. மனைவி எண்ணிக்கையைப் பார்த்துத் திகைத்தார். இவர் பார்த்தது 1933 என்ற ஆண்டை. 1937க்குப் பிறகு நான் உள்ளே இருந்தேன், அதற்கு முந்திய நாலு வருடம் எங்கே இருந்தேன் என்று தன்னையே கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் அதன்பின் ஊர் ஊராகக் கொண்டுபோனார். கைதியாகக் கிடந்தவருக்கு யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை. அவராகவே கேட்டுக்கொண்டார்.

பிறகு அணுகுண்டை எதிர்த்தார். உலகத் திருச்சபைகள் மன்றத் தலைவர்களில் ஒருவராக இருந்தார். 1967இல் ஹனோய்க்குப் போய் ஹோ சி மின்னைச் சந்தித்தார். தொண்ணூறு வயதில், நூறுவரை இருந்தால் அராஜகவாதி ஆகிவிடுவேன் என்று பகிடி விட்டாராம். 1984 மார்ச் 6 அன்று காலமானார். நான் பேர்லினுக்கு வந்தது ஒரு வருடம் பிந்தி.

அந்தப் பெடியன் அடுத்த தவணைக்கு வரவில்லை. வவுனியாப் பக்கம் போய்விட்டார்கள் என்றார்கள். சங்கம் திரட்டிய விலாசப் பட்டியலில் தேடினேன். ஒரு தவணை மட்டும் படித்தவனின் பெயர் அதில் எப்படி இருக்கும்? இந்த மலர் யார் கையிலாவது மாறி அவனிடம் போய்ச் சேர்ந்தால் ஒன்று சொல்ல வேண்டும். கொப்பி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடந்தது. சேர் கேட்டபோது எனக்குத் தெரியும்.