அம்மாவின் வலது கண்

சமைத்த சோற்றில் கல் கடிபடத் தொடங்கியபோதுதான் எங்களுக்கு விஷயம் விளங்கியது. அரிசியை அப்படிப் பார்த்துப் பார்த்துப் புடைக்கிறவர் அம்மா. கேட்டால், "விளக்கு வெளிச்சம் காணாது" என்று சமாளித்தார். பல்பை மாற்றினோம், கல் நிற்கவில்லை.

தம்பலகாமத்திலிருந்து விடியற்காலை பஸ் ஏறி திருகோணமலைக்குப் போனோம். அந்த நேரத்தில் டவுனில் ஆட்களைவிட மான்கள்தான் அதிகம் நடமாடும். பெரியாஸ்பத்திரியில் நம்பர் துண்டு எடுத்து, கண் கிளினிக்கில் முதல் ஆட்களுக்குள் இருந்தோம். கண்மணியை விரிக்கத் துளி விட்டுப் பார்த்த டொக்டர், இரண்டு கண்ணிலும் புரை, அதாவது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்கிவிட்டது என்றும் வலது கண்ணில் முற்றிவிட்டது என்றும் சொன்னார். அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்ற தாதி மிஸ் அம்மாவின் கையைப் பிடித்தபடி தமிழில் சொன்னார். அந்தத் துளி விட்டால் சில மணித்தியாலங்களுக்கு எல்லாமே மங்கலாகத்தான் தெரியும். துணைக்கு ஆள் இல்லாமல் கண் கிளினிக்குக்குப் போகவேண்டாம்.

ஒப்பரேஷனுக்கு முந்திய சோதனைகளில்தான் மாட்டிக்கொண்டோம். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சீனி 230. இந்த அளவில் கத்தி வைத்தால் கிருமி பிடிக்கலாம், புண்ணும் ஆறாது என்று திகதியைத் தள்ளிவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. சீனி வருத்தத்துக்குக் குளிசை ஒழுங்காகப் போடுகிற ஆளுக்கு ஏன் இவ்வளவு ஏறியது? திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா மெதுவாகச் சொன்னார்: "மெற்போமின் போட்டா வயித்தப் புரட்டுது மகன். நான் பாதிதான் போடுறனான்." எத்தனை மாதமாக என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் முடியவில்லை.

அடுத்த சீனிக் கிளினிக்கில் அதை மறைக்காமல் சொல்ல வைத்தேன். டொக்டர் ஏசவில்லை. சாப்பாட்டோடு சேர்த்துப் போடச் சொல்லி, அளவையும் பிரித்துக் கொடுத்தார். ஆறு கிழமையில் சீனி இறங்கியது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் குளிசையை எப்படிப் போடுகிறார்கள் என்று கிளினிக் கொப்பியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பெட்டியைத் திறந்து எண்ணிப் பாருங்கள். ஆண்களென்றால் இன்னொன்று: சலம் போகக் கஷ்டத்துக்கு டாம்சுலோசின் போடுகிறவர்கள் அதைக் கண் டொக்டரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். ஒப்பரேஷன் நேரம் கண்மணி சுருங்கிவிடக்கூடும்.

பிறகு கண்ணின் நீளத்தையும் முன்பக்க வளைவையும் அளந்தார்கள். மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு உள்ளே வைக்கும் புது லென்ஸின் பவர் அதிலிருந்துதான் வரும். "கண்ணுக்குள்ள பிளாஸ்டிக்கா?" என்று அம்மா பயந்துபோனார். நான் அவருக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்கினேன். நாங்கள் பஸ்ஸில் தாண்டிவரும் சீனக்குடாவிலிருந்து 1942இல் ஜப்பான்காரரை மறிக்கப் பறந்தவை ஹரிகேன் விமானங்கள். இங்கிலாந்தில் 1940இல் அதே வகை விமானம் ஒன்று அடிபட்டு, கூரைக் கண்ணாடியின் பிளாஸ்டிக் துண்டுகள் விமானியின் கண்ணுக்குள் போய்விட்டன. அவை உள்ளேயே இருந்தும் கண் அவற்றை எதிர்க்கவில்லை என்று கவனித்தார் ஹரோல்ட் ரிட்லி என்ற டொக்டர். அந்த வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து 1949இல் முதன்முதலாக ஒருவருக்கு வைத்தார். "அப்ப அந்தப் பெடியன்ட கண் போய்த்தானே எனக்கு வருது" என்றார் அம்மா. அதற்குப் பிறகு அவர் பயப்பட்டதை நான் காணவில்லை.

ஒப்பரேஷன் அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டார்கள், அம்மா முழித்தபடிதான் கிடந்தார். வெளிச்சம் மட்டும் தெரிந்ததாம். அடுத்த நாள் காலை கட்டை அவிழ்த்து, பார்த்துவிட்டு வீட்டுக்கு விட்டார்கள். பில் என்று ஒரு துண்டும் கையில் தரவில்லை. 1951இல் அரச ஆஸ்பத்திரிக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். எங்களைப் போன்ற வயற்காரக் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று, தனியாரில் விலை விசாரித்துவிட்டு வந்தவனுக்குத்தான் தெரியும்.

வீட்டில் நாங்கள் பட்ட பாடுதான் கூட. முதல் கிழமை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் துளி, பிறகு படிப்படியாகக் குறைத்து ஒரு மாதத்துக்கு மேல். கலண்டரில் கோடு போட்டுத் தங்கச்சியும் நானும் முறை வைத்தோம். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் போத்தலைத் தொடுவதில்லை. இரவில் கண்ணுக்கு மேல் கவசம் கட்டித்தான் படுக்கவேண்டும். தலைக்குத் தண்ணி வார்க்கவேண்டாம் என்றதும், குனிந்து முற்றம் கூட்டவேண்டாம் என்றதும்தான் அம்மாவுக்குப் பெரிய தண்டனை. கண் சிவந்து வலித்தாலோ பார்வை மங்கினாலோ கிளினிக் நாளைப் பார்க்காமல் உடனே வரச் சொல்லியிருந்தார்கள். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

இடது கண்ணுக்குத் திகதி கிடைத்துவிட்டது. இந்த முறை தானே தனியாகப் போய் வருவேன் என்று நிற்கிறார். அவர் படுத்தபிறகு நான் குளிசைப் பெட்டியை எண்ணி முடித்துவிட்டு, காலை பஸ்ஸுக்கு இரண்டு பேருக்கும் பானும் பிளேன்டீயும் எடுத்து வைக்கத் தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறேன்.