படகில் காஸ் கீழேதான் போகும்

திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் கட்டியிருக்கும் பலநாள் படகுகளில் எஞ்சின், பற்றறி, பம்ப் எல்லாம் பார்ப்பேன். ஆனால் என் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்பது சமையல் பக்கம் ஓடும் காஸ் குழாயில்தான். எஞ்சின் நின்றால் இன்னொரு படகு கட்டி இழுத்து வரும். காஸ் பற்றினால், கரை தெரியாத கடலில் அந்தப் பெடியன்கள் எங்கே ஓடுவார்கள்?

வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்துவிடலாம், வாசல் வழியே வெளியேறிவிடும். படகில் அந்த வழி இல்லை. சமையல் காஸில் இருக்கும் புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தது தண்ணீரைப்போலப் பள்ளம் பார்த்து இறங்கி, பலகைக்குக் கீழே தேங்கி நிற்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தாலே அது தீப்பிடிக்கும் கலவை. அப்புறம் ஸ்டார்ட்டர் மோட்டாரில் வரும் ஒரு பொறி போதும்.

"மணம் வந்தால் தெரியாதா தம்பி?" என்று படகோட்டும் தண்டையல்மார் கேட்பார்கள். மணத்தை நம்ப வேண்டாம் அண்ணை என்பேன். டீசலும் மீனும் ஊறிய இடத்தில் அது எடுபடாது. கொஞ்ச நேரம் அதற்குள்ளேயே இருந்தால் மூக்கும் பழகிவிடும். போதாததற்கு, காஸ் காலடியில் கிடக்கிறது, மூக்கு மேலே இருக்கிறது.

அதனால் முதலில் அழுத்தம் காட்டும் கேஜை நம்புவேன். அடுப்புக் குமிழ்களை மூடி, சிலிண்டர் வால்வைத் திறந்து அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, வால்வை மறுபடி மூடிவிட்டுக் காத்திருப்பேன். மூன்று நிமிடமாவது முள் அசையக் கூடாது. இறங்கினால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதன் பிறகுதான் சவர்க்காரத் தண்ணீர். ஒவ்வொரு மூட்டிலும் பூசி நுரை ஊதுகிறதா என்று பார்க்க வேண்டும். அமோனியா கலந்த கழுவு திரவத்தை மட்டும் தொடக்கூடாது, அது பித்தளை மூட்டுகளில் வெடிப்பு விழ வைக்கும். நெருப்புக்குச்சி கிழித்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களிடம் நான் கோபமாகவே பேசுவேன்.

2021 இறுதியில் நாடெங்கும் வீடுகளில் அடுப்புகள் வெடித்த செய்தி வந்தபோது, எனக்குத் தெரிந்த முதலாளிமார் சிலர் புது ரெகுலேட்டர் வாங்கிப் பூட்டினார்கள். நல்ல காரியம். ஆனால் ரெகுலேட்டருக்கும் அடுப்புக்கும் நடுவே மறைவில் கிடக்கும் குழாயை யாரும் தொடவில்லை. உண்மையான கேடு அங்கேதான் வளர்கிறது. எஞ்சின் அதிர்வில் செம்புக் குழாய் நாளாக நாளாக இறுகி, கிளிப் பிடிக்காத இடத்தில் மயிரிழை வெடிப்பு விடும். தடுப்புப் பலகையைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால் உரசி உரசித் தேயும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. பலகையைக் கழற்றி, முழு நீளத்தையும் விரலால் தடவிக்கொண்டே போக வேண்டும். பச்சைக் களிம்பு கையில் ஒட்டினால் துடைத்துவிட்டு அந்த இடத்தை இன்னொரு தடவை பார்ப்பேன். ரப்பர் ஹோஸை வளைத்துப் பார்ப்பேன். வெடிப்புக் கோடு தெரிந்தால் மாற்றச் சொல்வேன், அதில் பேரம் இல்லை.

சண்டை வருவது பெரும்பாலும் சிலிண்டர் பெட்டியில். அதன் அடியில் வெளியே போகிற துளை ஒன்று இருக்க வேண்டும், கசிந்தது கடலோடு போகட்டும் என்று. அலை அடித்துத் தண்ணீர் ஏறுகிறதென்று பழந்துணியால் அதை அடைத்துவிடுகிறார்கள். துணியைப் பிடுங்கி எறிவதால் பயனில்லை. அடுத்த தடவை திரும்ப அடைப்பார்கள். பெட்டியையே உயர்த்தி, அதன் தரை நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே வரும்படி வைத்து, அங்கிருந்து வெளியே குழாய் விட்டால் தண்ணீர் ஏறாது, துணிக்கும் வேலையில்லை. வாடைக் காற்றுக்குப் படகுகள் கரையில் நிற்கும் மாதங்களில் இதைச் செய்து முடித்துவிடுங்கள் என்று முதலாளிமாரிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.